இரண்டாவது ரேசர் யாருக்குத் தேவை?

நன்றாக வேலை செய்யும் ஒரு ரேசர் கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? சோப்பு, பிரஷ், இருபுறமும் கூர் உள்ள பிளேடு என்று பழைய முறையில் சவரம் செய்துகொள்கிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள். முதல் ரேசரை வாங்குவது சுலபம். கடையில் இருந்ததையோ, அப்பா வைத்திருந்ததையோ எடுத்துக்கொண்டால் போதும். இரண்டாவதை வாங்கப் போகும்போதுதான் தலை சுற்றும். சீப்புப் பல் வைத்ததா, பட்டை வைத்ததா? தலை சாய்ந்ததா, நேரானதா? திருகி அளவு மாற்றுவதா? பித்தளையா, ஸ்டீலா?

இத்தனை வகை எப்படி வந்தது? மனிதர்களின் முகத்திலும் முடியிலும் இத்தனை வகை இருக்கிறதே, அதனால்தான் என்று சொன்னால் அது பாதி பதில். மீதிப் பாதி காப்புரிமை, வழக்கு, போர், கம்பெனிக் கணக்கு ஆகியவற்றில் இருக்கிறது. ரேசரின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: இரண்டாவது ரேசரின் தேவை, சவரம் செய்துகொள்கிறவரைவிட அதை விற்கிறவருக்கே பெரும்பாலும் அதிகமாக இருந்தது. எது முகத்தின் தேவை, எது விற்பவரின் தேவை என்று பிரித்துப் பார்க்க இந்த வரலாறு உதவும்.

வாரத்துக்கு ஏழு கத்தி

ஒன்றுக்கு மேற்பட்ட ரேசர் வைத்திருக்கும் பழக்கம் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் மடக்குச் சவரக்கத்திகள் ஏழு ஏழாகப் பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். ஒரு நாள் உழைத்த கூர்முனைக்கு ஆறு நாள் ஓய்வு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வசதி உள்ளவர்களுக்கு இது கௌரவச் சின்னமாகவும் இருந்தது.

சாதாரண மனிதனின் பிரச்சினை வேறு. மடக்குக் கத்தியைப் பிடிக்கப் பழக்கம் வேண்டும். தினமும் தோல்வாரில் தீட்ட வேண்டும். அவ்வப்போது சாணைக்கல்லிலும் தேய்க்க வேண்டும். கை கொஞ்சம் நழுவினால் ரத்தம்தான். அதனால் பலர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நாவிதரிடம் போய் உட்கார்ந்தார்கள்.

இந்தக் கத்திக்கு ஒரு காப்பு வைக்கலாம் என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஜான்-ஜாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளர், கூர்முனை கொஞ்சமாக மட்டுமே வெளியே தெரியும்படி மரத்தில் ஒரு காப்பு செய்தார். தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் கலை பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1847ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன், மண்வெட்டி போலக் கைப்பிடிக்குக் குறுக்காக பிளேடு நிற்கும் ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார். (நீராவியால் பறக்கும் விமானம் ஒன்றை வடிவமைத்து, அது பறக்காமல் போனதும் இதே ஹென்சனுக்குத்தான்!) 1880ல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்ற பாதுகாப்பு ரேசரைக் கொண்டுவந்தார்கள். தோல் வெட்டுப்படுவது குறைந்தது. ஆனால் உள்ளே இருந்தது தடித்த, அடித்துச் செய்த கத்தித் துண்டுதான். அதைக் கழற்றித் தீட்டும் வேலை அப்படியே இருந்தது.

பாதி தூரம் வந்தாயிற்று. மீதிப் பாதியைக் கடக்க ஒரு விற்பனைப் பிரதிநிதி தேவைப்பட்டார்.

தூக்கி எறியும் பொருள்

கிங் கேம்ப் ஜில்லெட் 1855ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். பாட்டில் மூடி தயாரிக்கும் கம்பெனியில் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றினார். சோடா பாட்டில்களில் இன்றும் இருக்கும் அந்த நெளிவு மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருடைய முதலாளி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும்படியான பொருள் ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவனே மறுபடி மறுபடி வருவான் என்று பெயின்டர் அவருக்கு யோசனை சொன்னார்.

இதில் ஒரு முரண் உண்டு. இதே ஜில்லெட் 1894ல் எழுதிய புத்தகத்தில், வியாபாரப் போட்டியே மனிதகுலத்தின் கேடு என்றும், எல்லா உற்பத்தியையும் மக்களே சேர்ந்து நடத்தும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றும் வாதாடினார். போட்டியை வெறுத்த மனிதரின் பெயர்தான் பிறகு உலகின் மிகப்பெரிய வியாபாரப் போட்டிகளில் ஒன்றுக்கு முத்திரையானது.

1895ல், மழுங்கிப்போன கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது அவருக்கு யோசனை வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சவரத்துக்குத் தேவை கூர்முனை மட்டும்தானே? முழுக் கத்தி எதற்கு? மெல்லிய எஃகுத் தகட்டில் இருபுறமும் கூர் வைத்து, மழுங்கியதும் எறிந்துவிட்டால் என்ன?

சொல்வது எளிது. காகிதம் போன்ற தகட்டை வளைந்து நெளியாமல் கடினப்படுத்த முடியாது என்று உலோக நிபுணர்கள் கைவிரித்தார்கள். தொழில்நுட்பம் படித்திருந்தால் அன்றே விட்டிருப்பேன் என்ற பொருளில் ஜில்லெட் பின்னாளில் எழுதினார். எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்பவர்தான் தகட்டைக் கடினப்படுத்தவும் கூர் வைக்கவும் இயந்திரங்கள் செய்து காட்டினார். ரேசருக்கு நிக்கர்சன் பெயரை வைக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'நிக்' என்றால் கீறல்!

1901ல் பாஸ்டனில் கம்பெனி தொடங்கியது. 1903ல் விற்பனைக்கு வந்தது. முதல் வருட விற்பனை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமையும் கிடைத்தது.

ஐந்து டாலர் ரேசர்

ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் காசு பார் என்பதுதான் ஜில்லெட்டின் தந்திரம் என்று வணிகப் பாடப் புத்தகங்கள் வரை எழுதிவிட்டார்கள். பிரிண்டரும் மையும், செல்போனும் சிம் கார்டும் என்று எதற்கெடுத்தாலும் இந்த உதாரணம்தான். ஆனால் ஆரம்ப வருடங்களில் நடந்தது அதற்கு நேர் எதிர். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை விரிவாகக் காட்டினார்.

ஜில்லெட் ரேசரின் விலை ஐந்து டாலர். அன்றைய சாதாரணத் தொழிலாளியின் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெள்ளி முலாம் பூசி, வெல்வெட் பதித்த பெட்டியில் வைத்து, நல்ல கடிகாரம் விற்பது போல விற்றார்கள். காப்புரிமை கையில் இருந்ததால் வேறு யாரும் அதே ரேசரைச் செய்ய முடியாது. பிறகு ஏன் விலையைக் குறைக்க வேண்டும்? போட்டியாளர்கள் பழைய 'ஸ்டார்' வழியில் வந்த ஒருபுறக் கூர் பிளேடு ரேசர்களை ஒரு டாலருக்கும் அதற்குக் கீழும் விற்றுக்கொண்டிருந்தபோதும் ஜில்லெட் அசையவில்லை.

அதாவது, அந்தக் காலத்தில் ஒருவர் வாழ்க்கையில் ஒரே ஒரு ஜில்லெட் ரேசர்தான் வாங்குவார். பித்தளையில் செய்தது, மூன்றே பாகம், தேய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது வாங்கக் காரணமே கிடையாது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. நச்சுவாயு முகமூடி முகத்தில் இறுக்கமாகப் படிய வேண்டும் என்றால் தாடி இருக்கக் கூடாது. 1918ல் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக ஜில்லெட்டிடம் 35 லட்சம் ரேசரும், மூன்று கோடிக்கு மேல் பிளேடும் வாங்கியது. போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபோது ரேசரும் கூடவே வந்தது. தினமும் காலையில் வீட்டிலேயே சவரம் என்ற வழக்கம் ஒரு தலைமுறை முழுவதற்கும் படிந்தது.

கம்பெனிக்குப் பெரிய வெற்றி. கூடவே ஒரு புதுத் தலைவலி: இனி ரேசரை யாரிடம் விற்பது?

1921: முதல் 'இரண்டாவது ரேசர்'

காப்புரிமையின் ஆயுள் 17 வருடம். 1921 நவம்பரில் முடிந்துவிடும். அன்று முதல் யார் வேண்டுமானாலும் ஜில்லெட் மாதிரியே ரேசர் செய்யலாம். நகல்கள் சந்தைக்கு வந்து குவியும்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே கம்பெனி ஒரு காரியம் செய்தது. 'நியூ இம்ப்ரூவ்ட்' என்ற புதிய ரேசரை ஐந்து டாலர் விலையில் இறக்கியது. அடித்தட்டின் வடிவம் மாற்றப்பட்டிருந்தது. பிளேடு அதிகம் வளைந்து இறுக்கமாக உட்காரும். பிளேடுக்கும் காப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி துல்லியமானது என்று விளம்பரம் செய்தார்கள். அதே வேளையில் பழைய வடிவத்தை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். நகல் எடுக்க வருகிறவர்கள் எதை நகல் எடுக்கப் போகிறார்களோ, அதையே அவர்களுக்கு முன்னால் மலிவாக்கிவிட்டார்கள்!

ரேசர் மலிவு, பிளேடில் லாபம் என்ற முறைக்குக் கம்பெனி வந்தது இப்படித்தான், காப்புரிமை முடிந்த பிறகு. ஏற்கெனவே ரேசர் வைத்திருந்தவருக்கு, உன்னிடம் இருப்பது பழசு, இதோ மேம்பட்டது என்று முதல்முறையாகச் சொல்லப்பட்டதும் அப்போதுதான். ஆனாலும் இந்த ஒரு முறை அந்தப் பேச்சில் உண்மையும் இருந்தது. வடிவம் நிஜமாகவே முன்னேறியிருந்தது.

1930: பிளேடின் நடுவில் ஒரு பிளவு

அடுத்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. இன்று பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கிப் பிரித்துப் பார்த்தால், நடுவில் நீளமாக ஒரு பிளவும் அதில் சில அகலமான இடங்களும் இருக்கும். நான்கு மூலைகளும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும். இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

ஜில்லெட்டின் பழைய பிளேடில் மூன்று வட்டத் துளைகள் மட்டுமே இருந்தன. ஹென்றி கெய்ஸ்மன் என்ற கண்டுபிடிப்பாளர் 'ஆட்டோஸ்ட்ராப்' என்ற ரேசர் கம்பெனியை நடத்தினார். அவர் 'புரோபாக்' என்று ஒரு பிளேடு செய்தார். அது ஜில்லெட் ரேசரில் பொருந்தும். ஆனால் ஜில்லெட் பிளேடு அவருடைய ரேசரில் பொருந்தாது! துளைகளின் வடிவத்திலேயே தந்திரத்தை வைத்துவிட்டார்.

1930ல் ஜில்லெட் தன் புதிய ரேசரையும், நடுவில் பிளவு உள்ள புதிய பிளேடையும் வெளியிட்டது. ரேசர் கீழே விழுந்து மூலை வளைந்தால் பிளேடு அந்த இடத்தில் உயர்ந்து தோலை இழுக்கிறது, அதற்காகவே மூலைகளை வெட்டியிருக்கிறோம் என்பது விளம்பரம். கெய்ஸ்மன் தன் காப்புரிமை மீறப்பட்டதாக வழக்குப் போட்டார். சமரசமாக இரண்டு கம்பெனிகளையும் இணைக்கலாம் என்று முடிவானது. இணைப்புக்காகக் கணக்கைத் திறந்தபோது ஜில்லெட் கம்பெனி பல வருடங்களாக லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது வெளியே வந்தது. பங்கு விலை சரிந்தது. கடைசியில் கம்பெனியின் கட்டுப்பாடு கெய்ஸ்மன் கைக்குப் போனது. கிங் ஜில்லெட் 1931ல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1932ல் காலமானபோது பெரும் பொருளாதார மந்தம் அவருடைய செல்வத்தின் பெரும்பகுதியைக் கரைத்திருந்தது.

இந்தச் சண்டையில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை கிடைத்தது. நடுவில் பிளவு உள்ள பிளேடு புதிய ரேசரிலும் பொருந்தியது, மூன்று முளை கொண்ட பழைய ரேசரிலும் பொருந்தியது. அதே வடிவம்தான் உலகம் முழுவதும் நிலைத்தது. விளைவு என்ன தெரியுமா? இன்று வாங்கும் பிளேடை 1904ல் செய்த ரேசரில் மாட்டி சவரம் செய்யலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழமையான எத்தனை பொருட்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது ரேசரைத் தேடுகிறவருக்கு இதைவிட முக்கியமான வரலாற்று உண்மை இல்லை. பிளேடு ஒன்றே என்பதால் எந்த ரேசரும் காலாவதி ஆவதில்லை.

வடிவங்கள் பெருகிய காலம்

அதன் பிறகு நாற்பது வருடம் ரேசர் வடிவமைப்பின் பொற்காலம் எனலாம்.

1934ல் ஜில்லெட் 'அரிஸ்டோகிராட்' வந்தது. கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரண்டு கதவு போலத் திறக்கும். பாகம் பாகமாகக் கழற்றி பிளேடு மாற்றும் தொல்லை இல்லை. 1938ல் வந்த 'டெக்' அதற்கு எதிர்த் திசை. மூன்றே பாகம், சீப்புப் பற்களுக்குப் பதிலாக வழவழப்பான பட்டை. தோலைக் கடிக்காத மென்மையான ரேசர் என்று பெயரெடுத்து, பல நாடுகளில் பல பத்தாண்டுகள் விற்றது.

1950களின் கடைசியில் கைப்பிடியின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட திருகு வைத்த ரேசர் வந்தது. விலை 1 டாலர் 95 சென்ட் என்பதால் '195' என்று பெயர். கைப்பிடி குண்டாக இருப்பதால் பின்னாளில் ரசிகர்கள் வைத்த பெயர் 'ஃபேட்பாய்'. எண்ணைக் கூட்டினால் பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி அதிகமாகும். இளைஞனின் மெல்லிய முடிக்கு 2, முரட்டுத் தாடிக்கு 8. ஒன்பது ரேசரை ஒன்றுக்குள் அடைத்த மாதிரி.

ஜெர்மனியில் வேறொரு பாதை. தலையைக் கொஞ்சம் முறுக்கி, பிளேடு சாய்வாக நிற்கும்படி செய்த 'ஸ்லான்ட்' ரேசர்கள் அங்கே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செய்யப்பட்டன. வெங்காயத்தை நேராக அழுத்தி நறுக்குவதைவிடக் கத்தியைச் சாய்த்து இழுத்து நறுக்குவது சுலபம் அல்லவா? அதே கணக்குத்தான். முறுக்கப்பட்ட மெல்லிய பிளேடு விறைப்பாகவும் நிற்கும். சோலிங்கனின் மெர்க்கூர் நிறுவனப் பெயரில் வரும் 37சி இந்த வகையைச் சேர்ந்தது.

பிளேடும் மாறியது. அதுவரை இருந்த கார்பன் எஃகு பிளேடு ஈரத்தில் துருப்பிடிக்கும், சில நாட்களில் மழுங்கும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு, மேல்பூச்சு கொண்ட துருப்பிடிக்காத பிளேடைக் கொண்டுவந்தபோது கடைகளில் கிடைக்காத அளவுக்கு அதற்குத் தட்டுப்பாடு வந்தது. பூச்சுக்கான காப்புரிமை ஜில்லெட்டிடம் இருந்தது, வில்கின்சன் அதற்கு உரிமத்தொகை கட்ட வேண்டி வந்தது. ஆனாலும் அத்தகைய பிளேடை ஜில்லெட் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1963ல்தான். அதிக நாள் உழைக்கும் பிளேடை விற்க பிளேடு வியாபாரிக்கு என்ன அவசரம்!

1971: பூட்டப்பட்ட கதவு

சந்தையில் யார் வேண்டுமானாலும் பிளேடு செய்யலாம், எல்லா பிளேடும் எல்லா ரேசரிலும் பொருந்தும் என்ற நிலை விற்பவருக்கு வசதியானதல்ல. 1971ல் ஜில்லெட் 'டிராக் டூ'வைக் கொண்டுவந்தது. இரண்டு பிளேடுகளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிய கார்ட்ரிட்ஜ். அந்தக் கம்பெனியின் கைப்பிடிக்கு அந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜ். கெய்ஸ்மன் துளையில் செய்த தந்திரத்தை இப்போது முழு ரேசருக்கும் செய்தார்கள்.

அங்கிருந்து பிளேடுகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 1998ல் 'மாக்3' என்று மூன்று பிளேடு. ஐந்து பிளேடு ரேசர் வரப்போகிறது என்று 2004ல் அமெரிக்காவின் 'தி ஆனியன்' என்ற கிண்டல் பத்திரிகை கேலி எழுதியது. 2006ல் 'ஃப்யூஷன்' நிஜமாகவே ஐந்து பிளேடுடன் கடைக்கு வந்தது! அதற்கு முந்தைய வருடம் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஜில்லெட்டைச் சுமார் 5700 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

கார்ட்ரிட்ஜ் மோசமான பொருள் அல்ல. வேகமாகச் சவரம் செய்யலாம், வெட்டுப்படுவது குறைவு, பழகத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறை மாறும்போதும் பழைய கைப்பிடி பயனற்றுப்போகும். இரண்டாவது ரேசர், மூன்றாவது ரேசர் எல்லாம் கட்டாயம் ஆகிவிடும்.

இந்தியாவில் இந்த மாற்றம் மிகவும் மெதுவாக நடந்தது. மல்ஹோத்ரா குடும்பத்து நிறுவனங்களின் டோபாஸ் முதலிய பிளேடுகள் மூலைமுடுக்கெல்லாம் கிடைத்ததால் 'ஷேவிங் செட்' என்றால் இருபுறக் கூர் ரேசர்தான் என்ற நிலை இங்கே நீண்ட காலம் நீடித்தது. அந்தச் சந்தையைப் பிடிக்க ஜில்லெட் 2010ல் 15 ரூபாய் கைப்பிடியும் 5 ரூபாய் கார்ட்ரிட்ஜுமாக 'கார்டு' ரேசரை இறக்க வேண்டியிருந்தது. மேற்கத்திய நாடுகளில் மறைந்து, ஆர்வலர்களால் மீட்கப்பட்ட ஒரு பழக்கம், இங்கே மறையவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால் எதை வாங்குவது?

2000களின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு நாடுகளில் பழைய முறைச் சவரம் மறுபடி பரவியது. கார்ட்ரிட்ஜ் விலையும், பல பிளேடுகள் சிலருக்கு உண்டாக்கும் தோல் எரிச்சலும் அதற்குக் காரணங்கள். மெர்க்கூர் 34சி, இங்கிலாந்தின் எட்வின் ஜாக்கர் டிஇ89 போன்றவை பலருக்கு முதல் ரேசர் ஆயின. எல்லாம் நடுத்தரமான, பட்டை வைத்த, வம்பு இல்லாத ரேசர்கள். அதன் பிறகுதான் இரண்டாவது ரேசர் என்ற கேள்வி.

வரலாறு சொல்லும் முதல் பாடம்: ரேசரை மாற்றும் முன் பிளேடை மாற்றிப் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஃபெதர் பிளேடு கூர்மைக்குப் பெயர்போனது. அதே ரேசரில் வேறு பிளேடு போட்டால் வேறு ரேசர் போல இருக்கும். செலவோ சில ரூபாய். சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் தாடியை வெந்நீரில் நன்றாக ஊறவைப்பதும் அப்படித்தான். ஈரத்தில் ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசை போதும்.

அதன் பிறகும் குறை இருந்தால், குறை என்ன என்பதுதான் எந்த ரேசர் என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டு மூன்று முறை இழுத்தும் சொரசொரப்பு போகவில்லை என்றால் பிளேடு இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும் ரேசர் வேண்டும். ஸ்லான்ட் அதற்கு ஒரு வழி. ஜெர்மனியின் மூலே நிறுவனத்தின் ஆர்41 இன்னொரு வழி. ஆனால் அது கடுமையானது, பழகாத கைக்கு ஆகாது. எரிச்சலும் வெட்டும்தான் பிரச்சினை என்றால் எதிர்த் திசையில் போக வேண்டும். பழைய டெக் போன்ற மென்மையான வடிவம் போதும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சவரம் செய்கிறவருக்குச் சீப்புப் பல் வைத்தது நல்லது. நீண்ட முடியும் நுரையும் பற்களுக்கு நடுவே வழிந்து போகும், அடைக்காது. பல் இருந்தாலே கடுமையான ரேசர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. கடுமையைத் தீர்மானிப்பது பிளேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இடைவெளி எவ்வளவு என்பவையே. 1921 வடிவத்துப் பல் ரேசர்களிலேயே மென்மையானவை உண்டு.

என்ன வேண்டும் என்றே தெரியாதவருக்கு எண் திருகும் ரேசர் பொருத்தம். சில மாதங்களில் தனக்கு எந்த எண் என்று தெரிந்துவிடும். ஆனால் நகரும் பாகங்கள் அதிகம், சோப்புக் கசடு உள்ளே சேரும், அவ்வப்போது கழுவ வேண்டும்.

உலோகத்தையும் பார்க்க வேண்டும். இன்றைய நடுத்தர விலை ரேசர்களின் தலை பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோம் முலாம் பூசியது. முலாம் பெயராத வரை பிரச்சினை இல்லை. பெயர்ந்தால் அடியில் அரிக்கத் தொடங்கும். பழைய ஜில்லெட்டுகள் பித்தளை. முலாம் போனாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு ரேசருக்கு முலாமே வேண்டாம், விலைதான் அதிகம்.

பழைய ரேசரை வாங்குகிறவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிளேடு மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். பற்கள் வளைந்திருக்கக் கூடாது. 1920களின் உள்ளீடற்ற கைப்பிடிகளில் நீள வாக்கில் விரிசல் விழுவது வழக்கம், அதையும் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் அழுக்கும் கறையும் பொருட்டல்ல. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கிருமிநாசினியில் முக்கி எடுத்தால் போதும்.

முடிவாக...

1921ல் காப்புரிமை முடியப்போகிறது என்பதற்காக ஒரு புதிய ரேசர் வந்தது. 1930ல் போட்டியாளரை முந்துவதற்காக ஒன்று வந்தது. 1971க்குப் பிறகு வந்தவை பழைய கைப்பிடியைத் தூக்கிப்போட வைத்தன. மூன்றிலும் வாங்கியவரின் கன்னம் இரண்டாம் பட்சம்தான்.

இன்றைய நிலை வேறு. இருபுறக் கூர் பிளேடின் காப்புரிமைகள் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. சிறு பட்டறைகூட ரேசர் செய்யலாம், எந்த பிளேடும் அதில் பொருந்தும். இந்தச் சந்தையில் இரண்டாவது ரேசரை வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் ரேசரிடம் என்ன குறை என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தவர் அதை வாங்கலாம். பதில் வரவில்லை என்றால், இருக்கும் ரேசருக்கு ஒரு புது பிளேடு போதும்.